ஆள் நிற்க வேண்டுமானால்: பனியன் கம்பெனி நடத்துபவருக்கு ஒரு செயல்முறை

திருப்பூரில் 40 முதல் 100 பேர் வரை வேலை செய்யும் ஒரு தையல் யூனிட் உங்களுடையது என்று வைத்துக்கொள்கிறேன். சொந்த எக்ஸ்போர்ட்டாக இருக்கலாம், பவர்டேபிள் வைத்து ஜாப் ஒர்க் எடுப்பவராகவும் இருக்கலாம். வேறு ஊரில் வேறு தொழில் செய்பவருக்கும் இந்த வரிசை உதவும். விவரங்களை மட்டும் தன் தொழிலுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

"ஆளே கிடைக்கறதில்லைங்க" என்பது ஊர் முழுக்கக் கேட்கும் பேச்சு. ஆனால் வருடம் முழுவதும் ஆள் சேர்த்துக்கொண்டே இருக்கும் கம்பெனிக்கு ஆள் கிடைக்கத்தான் செய்கிறது, நிற்பதில்லை. கிடைக்காததற்குக் காரணம் ஊரில் இருக்கலாம். நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. அதனால் கிடைப்பதைப் பற்றி இந்த அத்தியாயத்தில் பேசப்போவதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கம்பெனியைவிட உங்கள் ஷிப்ட் கூலி குறைவு என்றால் கீழே உள்ள எதுவும் பலிக்காது. ஹென்றி ஃபோர்டு 1913இல் ஏறத்தாழ 14,000 பேரை வைத்துக் கார் தொழிற்சாலையை ஓட்ட, அந்த ஒரே வருடத்தில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் கூலியை 5 டாலராக உயர்த்தி, வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்த பிறகே ஆட்கள் நின்றார்கள். முதலில் ஊர்க் கூலிக்கு வாருங்கள். மற்றவை அதற்குப் பிறகு.

படி 1: ஒரு நோட்டுப் போடுங்கள்

கம்ப்யூட்டர் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி:

1. சேர்ந்த தேதி, எந்த மெஷின் (ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், செக்கிங், கைமடி).
2. யார் மூலம் வந்தார்: தெரிந்தவரா, காண்ட்ராக்டரா, கேட்டில் விசாரித்து வந்தவரா.
3. எந்த லைன், எந்த சூப்பர்வைசர்.
4. நின்ற தேதி, சொன்ன காரணம்.
5. பிறகு தெரிந்த காரணம். இந்தக் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

மூன்று மாதம் ஆனதும் கணக்குப் பாருங்கள். போனவர்களின் எண்ணிக்கையைச் சராசரி ஆள் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் வரும். 60 பேர் உள்ள இடத்தில் 21 பேர் போயிருந்தால் 35 சதவீதம்.

இந்தச் சதவீதத்தோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்த 21 பேரும் எத்தனை நாள் இருந்துவிட்டுப் போனார்கள் என்று பிரியுங்கள். 13 பேர் முப்பது நாளுக்குள் போயிருந்தால் உங்கள் பழைய ஆட்கள் நன்றாகவே இருக்கிறார்கள். சேர்க்கும் விதத்திலும் முதல் வாரத்திலும் கோளாறு. அதே 21இல் 12 பேர் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்கள் என்றால் ஆபத்து வேறு. கம்பெனியை நன்றாக அறிந்தவர்களே அதை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சதவீதம் ஒன்றுதான், வைத்தியம் வேறு வேறு.

அடுத்து லைன் வாரியாக எண்ணுங்கள். மூன்று லைனில் ஒன்றிலிருந்து மட்டும் பாதிப் பேர் போயிருந்தால், காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

குறிப்பு: ஒரு ஆள் போனால் எவ்வளவு நஷ்டம் என்று உங்கள் கணக்கிலேயே ஒருமுறை எழுதிப் பாருங்கள். டி-ஷர்ட் லைனில் தோள் சேர்க்கும் ஓவர்லாக்கில் ஆள் இல்லையென்றால் கழுத்து ரிப் வைப்பவருக்கு பண்டல் வராது. அடி மடிக்கும் பேட்லாக் வரை எல்லோரும் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார்கள். காலி நாற்காலியோடு, அதற்குப் பின்னால் காத்திருக்கும் ஷிப்டுகளையும் சேருங்கள். புது ஆள் கை பழகும் வரை வரும் ஆல்டரையும், ஆள் கொண்டுவந்தவருக்குக் கொடுத்த கமிஷனையும் சேருங்கள். கூலியில் இன்னும் பத்து ரூபாய் கூட்டுவதா என்று தயங்கும்போது இந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 2: காரணத்தைக் கேட்கும் முறை

போகிற நாளில் கேட்டால், "ஊருக்குப் போறேனுங்க, பாட்டிக்கு முடியல" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்லும் பதில். கணக்கு முடிய வேண்டிய நேரத்தில் எவரும் முதலாளியிடம் குறை சொல்ல மாட்டார்.

இரண்டு வாரம் கழித்து, கணக்கெல்லாம் தீர்ந்த பிறகு போன் செய்யுங்கள். நீங்களோ அந்த சூப்பர்வைசரோ பேச வேண்டாம். அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்த ஒருவர் பேசட்டும். இப்படித் தொடங்கலாம்:

"நல்லா இருக்கீங்களா? இப்ப எங்க போறீங்க?"

"அவிநாசி பக்கம் ஒரு கம்பெனிங்க."

"அங்க என்ன நல்லா இருக்கு?"

"இங்க என்ன குறை" என்று கேட்காமல் "அங்கே என்ன நன்றாக இருக்கிறது" என்று கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூலி என்று நீங்கள் நினைத்தது, சனிக்கிழமை ஏழு மணிக்கே சம்பளம் கைக்கு வருவது என்று தெரியவரும். கழிவறை என்று தெரியவரும். நோட்டின் ஐந்தாம் கட்டத்தை இப்போது நிரப்புங்கள்.

வெளிமாநிலத்து ஆட்களிடம் அவர்கள் மொழியில் பேசக்கூடியவரை வைத்துக் கேளுங்கள். அவர்களை அழைத்து வந்த காண்ட்ராக்டரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்; குறையே அவரைப் பற்றியதாக இருக்கலாம்.

இருக்கிறவர்களிடமும் கேளுங்கள். மாதம் ஐந்து பேர், டீ நேரத்தில், ஒரே கேள்வி: "போன மாசம் வேற கம்பெனி பார்க்கலாம்னு எப்பவாவது தோணுச்சா? எந்த நாள்?" நாளைக் கேட்டால் சம்பவம் வரும். பொதுவாகக் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்குங்க" என்பதுதான் வரும்.

படி 3: முதல் 30 நாள்

1. சேரும் முன்பே ஷிப்ட் கூலி, பீஸ் ரேட், பிடித்தம், வேலை நேரம் நான்கையும் எழுதிக் கொடுங்கள். கிடைக்கக்கூடிய அதிகபட்சத்தைச் சொல்லி ஆள் சேர்த்தால், முதல் சம்பளத்தன்று அவர் போய்விடுவார்.
2. முதல் நாள் காலை யார் வரவேற்பது என்று பெயரைக் குறித்து வையுங்கள். தண்ணீர், கழிவறை, சாப்பிடும் இடம், தீ விபத்து வந்தால் வெளியேறும் வழி ஆகியவற்றைக் காட்டிய பிறகே மெஷினைக் காட்டுங்கள்.
3. கை பழகும் வரை பீஸ் ரேட்டில் விடாதீர்கள். புது டெய்லருக்கு முதல் வாரங்களில் பீஸ் கணக்கில் எதுவும் தேறாது. முழு ஷிப்ட் கூலி கொடுத்து, அதைத் தாண்டி அவரே சம்பாதிக்கும் நாளில் மாற்றுங்கள். எப்படியும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகச் சட்டம் அனுமதிப்பதில்லை.
4. முதல் சனிக்கிழமை சம்பளச் சீட்டை அவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.
5. பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் நீங்களே போய் இரண்டு நிமிடம் பேசுங்கள்.

படி 4: சனிக்கிழமைக் கணக்கு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டுமே செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள். கூலி குறைவு என்று போவோரைவிட, கூலி புரியவில்லை என்று போவோர் அதிகம் என்பது என் கணிப்பு. "எட்டு ஷிப்ட் வரணும், ஏழரைதான் போட்டிருக்காங்க" என்ற ஒரு சந்தேகம் மூன்று வாரம் தொடர்ந்தால், ஆள் நான்காவது வாரம் இல்லை.

செய்ய வேண்டியவை:

1. பீஸ் எண்ணிக்கையை அன்றன்றே எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். வாரக் கடைசியில் பண்டல் சீட்டைக் கொட்டி எண்ணுவது சண்டைக்கு அழைப்பு.
2. புது ஸ்டைல் லைனில் ஏறும் முன் ரேட்டை எழுதி ஒட்டுங்கள். "தைங்க, பார்த்துப் போட்டுத் தர்றேன்" என்று ஆரம்பித்து நடுவில் ரேட் பேசுவது இந்த ஊரின் பழைய வியாதி. குறைத்து வைத்தால் கோபம் வரும். கூட்டி வைத்தால் போன ஸ்டைலுக்கு ஏன் குறைத்தீர்கள் என்று கேள்வி வரும்.
3. சம்பளச் சீட்டில் ஷிப்ட் அல்லது பீஸ், ஓவர்டைம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., அட்வான்ஸ் பிடித்தம், கையில் வருவது என்று தனித்தனி வரி வேண்டும். தமிழிலும், தேவைப்பட்டால் இந்தி, ஒடியாவிலும் தலைப்பு அச்சிடுங்கள்.
4. சம்பள நேரத்தைத் தவறவிடாதீர்கள். பில் வரவில்லை, பேங்க் லீவு என்பதெல்லாம் உங்கள் பிரச்சினை. ஏதாவது ஒரு வாரம் தாமதமாகும் என்றால் வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள்.
5. ரிஜெக்ட் பீஸுக்குக் கூலியில் கை வைக்கும் முன் துணியின் குற்றமா, கட்டிங்கின் குற்றமா, தையலின் குற்றமா என்று அவரை அருகில் வைத்துக்கொண்டே பாருங்கள்.

ஓவர்டைம் பற்றி ஒரு வார்த்தை. காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட், இரவு 8.30 வரை போனால் ஒன்றரை என்பது ஊர் வழக்கம். அந்த மூன்று மணி நேரத்துக்கு அரை ஷிப்ட், அதாவது நான்கு மணி நேரக் கூலி போகிறது. சட்டம் கேட்பது இரட்டிப்பு. ஆறு மணி நேரக் கூலி. பையரின் ஆடிட்டில் மாட்டிக்கொண்ட பிறகு இரட்டைக் கணக்குப் புத்தகம் எழுதுவதைவிட, ஓவர்டைமைக் குறைத்துச் சரியாகக் கொடுப்பது மலிவு. இரவு 7 மணிக்கு மேல் பெண்களை நிறுத்துவதென்றால் அவர்கள் சம்மதம் வேண்டும், வீடு வரை வண்டியும் வேண்டும்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் வேண்டாம் என்று ஆட்களே சொல்வதுண்டு. அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். இ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம். உரிய சந்தா கட்டியிருந்தால் நோயில் படுக்கும்போது கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். லைனில் யாராவது ஒருவர் இந்தப் பணத்தை வாங்கிக் காட்டினால் அதற்குப் பிறகு நீங்கள் விளக்கவே வேண்டாம்.

அட்வான்ஸ்: கொடுங்கள், அளவாகக் கொடுங்கள். இரண்டு வாரக் கூலிக்கு மேல் போகாமல், வாரா வாரம் எவ்வளவு பிடிப்போம் என்று எழுதி வைத்துக் கொடுங்கள். ஆளைக் கட்டிப்போடுவதற்கென்று பெரிய தொகை கொடுப்பவருக்கு இரண்டுமே போய்விடும். கடன் பாரம் தாங்காமல்தான் பலர் இரவோடு இரவாகப் போகிறார்கள்.

படி 5: சூப்பர்வைசரின் வாய்

நன்றாகத் தைப்பவரை சூப்பர்வைசர் ஆக்குகிறோம். ஆட்களை நடத்தத் தெரியுமா என்று பார்ப்பதில்லை. ஷிப்மென்ட் நெருக்கும்போது மேலிருந்து வரும் கோபத்தை அப்படியே கீழே இறக்குவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த வழி.

மூன்று விதிகள் போதும். லைனில் எல்லோர் முன்னிலும் திட்டக் கூடாது. ஊர், மொழி, சாதி, உடல் பற்றிப் பேசக் கூடாது. பெண்களைத் தொட்டோ இரட்டை அர்த்தத்திலோ பேசக் கூடாது. இவற்றை அவரிடம் சொல்வதோடு, அவருக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையைப் புரொடக்சனோடு மட்டும் கட்டாமல் லைனில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதோடும் கட்டுங்கள். இரண்டு மாதத்தில் குரல் இறங்கும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த இடத்திலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகவும், வெளியாள் ஒருவர் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். குழு உறுப்பினர்களின் போன் எண்ணை ஆபீஸ் சுவரில் மட்டும் ஒட்டினால் போதாது. பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அங்கேதான் பயமில்லாமல் குறித்துக்கொள்ள முடியும்.

மோசமான சூப்பர்வைசர் நல்ல புரொடக்சன் எடுக்கிறார் என்றால் என்ன செய்வது? படி 1இல் எழுதிய நஷ்டத் தாளை அவர் லைனுக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 6: கேட்டுக்கு வெளியே உள்ளவை

உள்ளூர்ப் பெண்கள் நிற்பதும் போவதும் பள்ளி நேரத்தைப் பொறுத்தது. ஒரு லைனைக் காலை 9.30க்குத் தொடங்கிப் பாருங்கள். வீட்டிலேயே இருக்கும் அனுபவசாலிகள் திரும்பி வருவார்கள். ஐம்பது பேருக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் சட்டப்படியே கட்டாயம்.

வெளிமாநிலக் குடும்பங்களுக்கு, ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அவர்கள் ஊர்க் கார்டை வைத்தே இங்கு அரிசி வாங்கலாம் என்பதைச் சொல்லுங்கள். தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே இதில் சேர்ந்துவிட்டது. முதல் முறை கடைக்கு உங்கள் ஆள் ஒருவர் கூடப் போனால் போதும்.

படி 7: தீபாவளி, பின்னோக்கி எண்ணுங்கள்

திருப்பூரில் ஆள் போக்கு ஒரே சீராக இருப்பதில்லை. தீபாவளியில் மொத்தமாக வழிந்து, எவ்வளவு திரும்புகிறது என்பதைப் பொறுத்தே உங்கள் அடுத்த அரை வருடம்.

70 நாள் முன்: யார் யார் ஊருக்குப் போகிறார்கள், எந்தத் தேதி போய் எந்தத் தேதி வருவார்கள் என்று பட்டியல் எடுங்கள். பீகார், ஜார்க்கண்ட் ஆட்களுக்குத் தீபாவளியைவிட ஆறாம் நாள் வரும் சட் பூஜை பெரிது. அதற்கு முன் வா என்று கேட்பது வீண். வங்காளத்தாருக்கு துர்கா பூஜை முன்பே வந்துவிடும். ஒடிசாக்காரர்கள் ஜூன் நடுவில் ரஜ பண்டிகைக்கும் போவார்கள். எல்லோரையும் ஒரே லீவில் அனுப்பாமல் இப்படிப் பிரித்து அனுப்பினால் லைன் முழுதாக நிற்காது.

60 நாள் முன்: 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. திறக்கும் நாளில் உங்கள் ஆபீஸிலிருந்தே போகும் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். வரும் தேதிக்கான பதிவு திறந்ததும் திரும்பும் டிக்கெட்டும் எடுத்து, அதன் செலவைக் கம்பெனி ஏற்கட்டும். தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியில் இரண்டு நாள் நின்று வர வேண்டும் என்றால் எவருக்கும் திரும்பத் தோன்றாது. என் பார்வையில் ஆளைத் திரும்ப வரவழைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

45 நாள் முன்: போனஸ் கணக்கைக் காட்டுங்கள். வருடத்தில் 30 நாளாவது வேலை செய்தவருக்கு, சட்டப்படி தகுதி இருந்தால், குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. கையில் கொடுக்கும் தேதியையும் அப்போதே அறிவியுங்கள்.

பொதுவான தவறு: "பாதி போனஸ் இப்ப, மீதி திரும்பி வந்ததும்." போனஸ் ஏற்கெனவே உழைத்ததற்கான பணம். அதைப் பிடித்து வைப்பது சட்டமீறல், புத்திசாலித்தனமும் அல்ல. மீதியை வாங்கிக்கொண்டு மறுநாளே போவார்கள். திரும்பி வருவதற்கு ஊக்கம் கொடுக்க விரும்பினால் போனஸுக்கு மேலாகத் தனித் தொகையாக, எந்தத் தேதிக்குள் வந்தால் எவ்வளவு என்று முன்பே எழுதிக் கொடுங்கள்.

லீவின்போது: ஒருமுறை போன் செய்து பண்டிகை நன்றாக நடந்ததா என்று கேளுங்கள். "எப்ப வர்றே" என்று மட்டும் கேட்டால் அது கடன்காரன் போன்.

திறக்கும் வாரம்: பெரிய ஷிப்மென்ட் வைக்காதீர்கள். வந்த கொஞ்சம் பேரைக் கசக்கினால் அவர்களும் போவார்கள்.

எச்சரிக்கை: இவற்றை ஒருபோதும் செய்யாதீர்கள்

● ஆதார், பான், பேங்க் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டை வாங்கி வைக்காதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு அந்த நிமிடமே திருப்பிக் கொடுங்கள்.

● அட்வான்ஸ் பாக்கியைச் சொல்லி வேலையை விட்டுப் போகவிடாமல் தடுக்காதீர்கள். அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய் நிற்கலாம். மூன்று வருடம் வரை சிறை உண்டு.

● ஹாஸ்டலையோ புரொடக்சன் ஹாலையோ வெளியிலிருந்து பூட்டாதீர்கள். பஞ்சும் துணியும் அடைந்த கட்டடத்தில் தீப்பிடித்தால் ஓட வழியிருக்காது.

● கூலியின் ஒரு பகுதியை ஒதுக்கி, மூன்று வருடம் முடிந்ததும் மொத்தமாகத் தருவதாகச் சொல்லாதீர்கள். நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை இப்படித்தான் நிறுத்தினார்கள். மில்களுக்குக் கிடைத்தது கொத்தடிமை என்ற கெட்ட பெயரும் வெளிநாட்டு பையர்களின் கேள்விகளும்.

● வதந்தி பரவும்போது மௌனமாக இருக்காதீர்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது ஊரிலிருந்து அம்மாக்கள் போன் செய்து அழைத்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் அன்று மாலையே எல்லோரையும் உட்கார வைத்து அவர்கள் மொழியில் பேசுங்கள். வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

படி 8: போகிறவரை அனுப்பும் முறை

எவ்வளவு செய்தாலும் சிலர் போவார்கள். கல்யாணம், வயல், அப்பாவுக்கு வைத்தியம், அதிகக் கூலி. இந்த ஊரில் போனவர் திரும்புவது சகஜம் என்பதால் அனுப்பும் விதமும் ஆள் நிறுத்தும் வேலையில் ஒரு பகுதிதான்.

1. கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடியுங்கள். 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் தானாக விலகியவருக்கும் இதே கெடுவைத்தான் வைக்கிறது.
2. பி.எஃப். தளத்தில் விலகிய தேதியை உடனே பதியுங்கள். இது இல்லாமல் அவர் பணம் எடுக்கவோ மாற்றவோ திண்டாடுவார். திட்டு உங்களுக்கு வரும்.
3. ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு: கடைசி மாதக் கூலியை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்கினால் தொகை வரும். கேட்கும் முன்பே கொடுங்கள்.
4. "திரும்ப வரணும்னா நேரா எனக்கே போன் பண்ணு, யாரையும் கேட்க வேண்டாம்" என்று உங்கள் எண்ணைக் கொடுங்கள்.
5. திரும்பி வந்தால் பழைய கூலியிலிருந்து தொடங்குங்கள். புது ஆள் கூலியில் வைத்தால் அது தண்டனை, எல்லோரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

சட்டம் பற்றி: 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக நடைமுறைக்கு வந்துள்ளன. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு எடுத்தவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு என்பது போன்ற மாற்றங்கள் அதில் இருக்கின்றன. உங்கள் லேபர் கன்சல்டன்டை ஒருமுறை உட்கார வைத்து, மேலே உள்ள ஒவ்வொரு தொகையையும் உங்கள் ஆள் எண்ணிக்கைக்குச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் படியையும் ஒரே மாதத்தில் தொடங்க முயலாதீர்கள். நோட்டும் சம்பளச் சீட்டும் இந்தச் சனிக்கிழமையே தொடங்கட்டும். சூப்பர்வைசர் விதிகளை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். தீபாவளிப் பட்டியல் மட்டும் ஆடி முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் டிக்கெட் கிடைக்காது.